தூதுவர் வந்த நாளில் எசேக்கியா

கர்த்தர்மேல் வைத்த நம்பிக்கையில் எசேக்கியாவுக்கு நிகரான அரசர் யூதாவில் முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை என்பது இராஜாக்களின் நூலாசிரியர் வழங்கும் மதிப்பீடு (2 இராஜா. 18:5). தாவீதின் அரியணையில் அமர்ந்தோருள் இத்தகைய பாராட்டைப் பெற்றோர் மிகச் சிலரே. ஆயினும் அதே நூலாசிரியர் எசேக்கியாவின் வரலாற்றை அவனது சீர்திருத்தத்தோடோ எருசலேம் பெற்ற விடுதலையோடோ முடிக்கவில்லை. பாபிலோனிலிருந்து வந்த தூதுவருக்குத் தன் பொக்கிஷசாலையை அவன் திறந்து காட்டியதையும், அதைக் கண்டித்த தீர்க்கதரிசிக்கு அவன் அளித்த மறுமொழியையும் கூறி முடிக்கிறார். ஏசாயாவின் நூலும் அந்நிகழ்ச்சியைத் தன் முதற்பெரும் பகுதியின் இறுதியில் வைத்திருக்கிறது. பக்தியில் சிறந்தவன் ஒருவனின் வரலாறு இவ்வாறு முடிவானேன்? இவ்வினாவை வரலாற்றின் ஒளியில் ஆராய்ந்து, அன்றாடக் கிறிஸ்தவ வாழ்வுக்கும் சபை ஊழியத்துக்கும் அது தரும் படிப்பினையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. காலமும் சூழலும்

எசேக்கியாவின் ஆட்சிக்காலத்தைக் கணிப்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவன் கி.மு. 715 முதல் 687 வரை ஆண்டான் என ஒருசாராரும், ஏறத்தாழ 727 முதல் 698 வரை ஆண்டான் என மற்றொரு சாராரும் கொள்வர். எவ்வாறாயினும், அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்த ஆண்டு கி.மு. 701 என்பதில் ஐயமில்லை. அதுவே எசேக்கியாவின் பதினாலாம் ஆண்டு எனத் திருமறை கூறுகிறது (2 இராஜா. 18:13).

அவன் தந்தையாகிய ஆகாஸ் அசீரியப் பேரரசன் திகிலாத்பிலேசரிடம் அடைக்கலம் தேடியவன். ஆலயத்திலும் அரமனையிலும் இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அவனுக்குக் காணிக்கையாக அனுப்பியவன் (2 இராஜா. 16:7, 8). அன்று தொடங்கி யூதா அசீரியாவுக்குக் கப்பம் கட்டும் சிற்றரசாயிற்று. வடநாடாகிய இஸ்ரவேலோ கி.மு. 722 அளவில் சமாரியாவின் வீழ்ச்சியோடு அழிந்துபோனது. அங்கிருந்து தப்பிய மக்கள் பலர் எருசலேமில் குடியேறியிருக்கவேண்டும் எனவும், அந்நகரம் மேற்கு மலைப்பகுதிவரை விரிவடைந்ததற்கு இது முக்கியக் காரணம் எனவும் அகழ்வாய்வாளர் பலர் கருதுவர்.

இத்தகைய காலத்தில் அரசனான எசேக்கியா ஆலயத்தின் கதவுகளைத் திறந்து பழுதுபார்த்தான், மேடைகளை அகற்றினான், மக்கள் தூபங்காட்டி வந்த வெண்கலச் சர்ப்பத்தையும் உடைத்தான். மோசேயின் கையால் செய்யப்பட்டது என்னும் பெருமையுடைய பொருளையே உடைப்பதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை, சபையில் நெடுங்காலமாய் நிலைத்துவிட்ட ஒரு வழக்கத்தை மாற்ற முயன்ற எந்தப் போதகரும் அறிவார். வடநாட்டில் எஞ்சியிருந்தோரையும் அவன் பஸ்காவுக்கு அழைத்தான். அவர்களுள் பலர் ஏளனம் செய்தபோதிலும் சிலர் தங்களைத் தாழ்த்தி எருசலேமுக்கு வந்தனர் (2 நாளா. 30:10, 11). எனவே நாம் ஆராயப்போகும் குறை ஒரு துன்மார்க்கனின் குறையன்று. நல்லவன் ஒருவனிடம் காணப்பட்ட குறையாதலால்தான் அது நம்மைப் பற்றியதாகவும் இருக்கிறது.

2. நெருக்கத்தில் ஜெபித்த அரசன்

எசேக்கியா ஜெபித்த தருணங்கள் சிலவற்றைத் திருமறை குறிப்பிட்டுச் சொல்கிறது. பஸ்காவுக்கு வந்தோருள் பலர் தங்களைச் சுத்திகரிக்காமல் உண்டபோது, அவர்களுக்காக அவன் விண்ணப்பம் செய்தான் (2 நாளா. 30:18). ரப்சாக்கே எருசலேமின் மதிலருகே நின்று ஜீவனுள்ள தேவனை நிந்தித்தபோது, இரட்டுடுத்தி ஆலயத்திற்குள் சென்றான். ஏசாயாவிடம் ஆளனுப்பி ஜெபிக்கும்படி வேண்டினான். அசீரியரின் நிருபம் கைக்கு வந்தபோது, அதை ஆலயத்திலே கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்து மன்றாடினான். மரணத்துக்கேதுவான நோயுற்றபோது, முகத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பிக் கண்ணீர்விட்டு ஜெபித்தான்.

இந்த இறுதி ஜெபத்துக்குக் கிடைத்த பதிலின் விரைவு குறிப்பிடத்தக்கது. மரணச் செய்தியைக் கூறிவிட்டுச் சென்ற ஏசாயா பாதி முற்றத்தைத் தாண்டுமுன்பே, திரும்பிச் சென்று வேறு செய்தி கூறும்படி கட்டளை பெறுகிறார் (2 இராஜா. 20:4). அரசனுக்குப் பதினைந்து ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்படுகின்றன. தேவன் அறிவித்த தீர்ப்பும் கண்ணீரோடு கூடிய விண்ணப்பத்தின்முன் மாறக்கூடும் என்பதை எசேக்கியா தன் உடலிலேயே அனுபவித்து அறிந்தவன் என்பதை நாம் மனத்தில் இருத்தவேண்டும். இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இது மிகவும் தேவைப்படும்.

நோயிலிருந்து எழுந்த அரசன் பாடிய நன்றிப் பாடல் ஏசாயா 38ஆம் அதிகாரத்தில் காக்கப்பட்டுள்ளது. உயிரோடிருப்பவனே தேவனைத் துதிப்பான் என்றும், தேவனுடைய சத்தியத்தைத் தகப்பன் பிள்ளைகளுக்குத் தெரிவிப்பான் என்றும் பொருள்படும் வரிகள் அதிலே உள்ளன (38:19). தனக்குக் கூட்டிக் கொடுக்கப்பட்ட நாட்கள் எதற்காக என்பதை அவனே சரியாகச் சொல்லிவிட்டான். இப்பாடலுக்கு அடுத்த பக்கத்திலேயே பாபிலோனின் தூதுவர் வருகின்றனர்.

3. கல்லும் களிமண்ணும் கூறும் சான்று

வேதாகம அரசருள் எசேக்கியாவுக்கு இருப்பதுபோன்ற தொல்லியற்சான்று வேறு சிலருக்கே உண்டு. கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் கொண்டுவர அவன் செய்த ஏற்பாட்டை இராஜாக்களின் நூலும் நாளாகமமும் குறிப்பிடுகின்றன. அந்நீர்வழி எனப் பெரும்பாலான ஆய்வாளர் ஏற்கும் சுரங்கம் இன்றும் எருசலேமில் உள்ளது. அதன் நீளம் ஏறக்குறைய 533 மீட்டர். இரு முனைகளிலுமிருந்து பாறையைக் குடைந்துவந்த இரண்டு குழுவினர், ஒருவர் மற்றவருடைய குரலைக் கேட்டு நடுவே சந்தித்த செய்தியைக் கூறும் ஆறு வரிக் கல்வெட்டு 1880இல் அச்சுரங்கத்தின் சுவரில் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது அது இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்கல்வெட்டில் அரசனுடைய பெயரே இல்லை. அக்கால அரசர் தம் பணிகளை எத்துணை ஆரவாரமாகக் கல்லில் பொறித்தனர் என்பதை அறிந்தோர்க்கு இம்மௌனம் வியப்பளிக்கும்.

எருசலேமின் மேற்குப் பகுதியில் 1970களில் பேராசிரியர் நாமான் அவிகாட் நடத்திய அகழ்வாய்வில், ஏறக்குறைய 7 மீட்டர் அகலமுள்ள ஒரு மதிலின் பகுதி வெளிப்பட்டது. அது எசேக்கியாவின் காலத்தது எனக் கொள்ளப்படுகிறது. குடியிருப்பு வீடுகளை இடித்து அவற்றின்மேல் அம்மதில் எழுப்பப்பட்டிருந்தது. மதிலை அரணாக்க வீடுகளை இடித்தீர்கள், நீரைச் சேர்த்துவைத்தீர்கள், ஆனால் இவற்றையெல்லாம் முன்னமே உருவாக்கியவரை நோக்கவில்லை என்னும் கருத்தில் ஏசாயா நகரத்தாரைக் கடிந்துகொண்ட பகுதிக்கு (22:9-11) இதைவிடத் தெளிவான விளக்கவுரை வேண்டியதில்லை. மதில் கட்டியது பாவம் என்று தீர்க்கதரிசி சொல்லவில்லை. கட்டும்போது யாரை நோக்கினார்கள் என்பதே அவருடைய வினா.

அசீரியரின் சான்றும் நம்மிடம் உள்ளது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள, ஆறு முகங்கள் கொண்ட களிமண் பட்டகம் ஒன்றில் சனகெரிப் தன் படையெடுப்புகளை எழுதிவைத்திருக்கிறான். யூதாவின் அரணான நகரங்கள் 46ஐப் பிடித்ததாகவும், 2,00,150 மக்களை வெளியேற்றியதாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப்போல் எருசலேமில் அடைத்துவைத்ததாகவும் அவன் பெருமை பேசுகிறான். எண்களை அவன் மிகைப்படுத்தியிருக்கக்கூடும். ஆனால் எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் அவனால் எழுத முடியவில்லை. நினிவேயிலிருந்த அவனது அரமனைச் சுவர்களை அலங்கரித்த புடைப்புச் சிற்பங்களும் லாகீஸ் நகரின் வீழ்ச்சியையே காட்டுகின்றன. தாய்மாரும் பிள்ளைகளும் மூட்டை முடிச்சுகளோடு நகரைவிட்டு வெளியேறும் காட்சி அவற்றில் உள்ளது. எருசலேம் தப்பியது உண்மை. ஆனால் யூதாவின் மற்ற நகரங்கள் கொடுத்த விலையை நாம் மறத்தல் ஆகாது.

4. தூதுவர் வந்த நாள்

பாபிலோனின் அரசனாகிய மெரோதாக்பலாதான் எசேக்கியாவின் சுகவீனத்தைக் கேள்விப்பட்டு நிருபமும் காணிக்கையும் அனுப்பினான் எனத் திருமறை கூறுகிறது. இவன் யார்? கி.மு. 721இல் பாபிலோனைக் கைப்பற்றி, 710இல் அசீரிய அரசன் சர்கோனால் துரத்தப்பட்டு, சர்கோன் 705இல் போரில் மாண்டபின் 703இல் மீண்டும் சில மாதங்கள் அரசாண்டவன் என அசீரிய ஆவணங்களால் அறிகிறோம். வாழ்நாள் முழுவதும் அசீரியாவுக்கு எதிராகக் கலகம் செய்த ஒருவன், தொலைதூரத்திலிருந்த ஒரு சிற்றரசனின் நலம் விசாரிக்க மட்டும் தூதுவரை அனுப்பியிருப்பானா? தன்னோடு நட்பும் உடன்படிக்கையும் கொள்ளும்படி அவன் வேண்டினான் என்றே யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியுள்ளார். எனவே பொக்கிஷசாலையைக் காட்டியது வெறும் விருந்தோம்பல் அன்று; கூட்டணிக்கு யூதா தகுதியுடையதே என்று மெய்ப்பிக்கும் முயற்சியாகவும் இருந்திருக்கவேண்டும்.

வெள்ளி, பொன், கந்தவர்க்கங்கள், பரிமளதைலம், ஆயுதசாலை என ஒன்றன்பின் ஒன்றாக யாவும் காட்டப்பட்டன. தன் ராஜ்யத்தில் அவன் அவர்களுக்குக் காட்டாத பொருள் ஒன்றுமில்லை எனத் திருமறை அழுத்திக் கூறுகிறது (2 இராஜா. 20:13). ஆனால் அவர்களை அவன் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றதாகவோ, தன்னைச் சுகப்படுத்திய தேவனைப் பற்றிப் பேசியதாகவோ ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் கேள்விப்பட்டு வந்ததோ அவன் சுகமடைந்த செய்தியை! நாளாகமத்தின்படி, தேசத்தில் நடந்த அற்புதத்தை விசாரிக்கவே அவர்கள் வந்தனர் (2 நாளா. 32:31). அற்புதத்தைக் கேட்டு வந்தவர்களுக்கு ஆஸ்தியைக் காட்டி அனுப்பினான் அரசன்.

பின்னர் ஏசாயா வந்து வினவினார். அந்த மனிதர் என்ன சொன்னார்கள் என்பது முதல் வினா. எங்கிருந்து வந்தார்கள் என்பது இரண்டாவது. எசேக்கியா இரண்டாம் வினாவுக்கே விடையளித்தான்: தூரதேசமாகிய பாபிலோனிலிருந்து வந்தார்கள் என்றான். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு விடையே இல்லை. வீட்டில் என்னத்தைக் கண்டார்கள் என்று தீர்க்கதரிசி மீண்டும் கேட்டபோது, எல்லாவற்றையும் கண்டார்கள் என ஒளிவின்றி ஒப்புக்கொண்டான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்கப்பட்ட ஒன்றைச் சொல்லாமல் விட்டான். சனகெரிப்பின் நிருபத்தை ஆலயத்திலே விரித்து வைத்த அதே அரசன், மெரோதாக்பலாதானின் நிருபத்தை அவ்வாறு விரித்ததாக நாம் வாசிக்கவில்லை. மிரட்டல் வந்தபோது ஜெபத்துக்குரிய பொருளாகத் தோன்றிய நிருபம், பாராட்டு வந்தபோது அரமனைக்குரிய பொருளாகத் தோன்றிவிட்டது.

இந்நிகழ்ச்சியில் தேவன் அவனைச் சோதித்து, அவன் இருதயத்திலுள்ளதை அறியும்படி அவனைக் கைவிட்டார் என நாளாகம ஆசிரியர் விளக்குகிறார். அசீரியரின் முற்றுகையைச் சோதனை என்று அவர் குறிப்பிடவில்லை. தூதுவர் வருகையையே அவ்வாறு குறிப்பிடுகிறார். எதிரி மதிலருகே நின்ற நாளில் அரசனின் இருதயம் எங்கிருந்தது என்பதை யாவரும் கண்டனர். விருந்தினர் வாசலில் நின்ற நாளிலேயே அதன் மறுபக்கம் தெரியவந்தது.

5. வெறுமையான பொக்கிஷசாலை

நூல்களில் இந்நிகழ்ச்சி முற்றுகைக்குப் பின்னர் கூறப்பட்டாலும், கால வரிசையில் அது முற்றுகைக்கு முன்னர், ஏறத்தாழ கி.மு. 703இல் நடந்திருக்கவேண்டும் என ஆய்வாளர் பலர் கருதுவர். மெரோதாக்பலாதான் அரசனாயிருந்த காலம் அதற்கு ஒரு காரணம். நோயுற்ற அரசனுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதியில், நகரத்தை அசீரியரின் கைக்குத் தப்புவிப்பேன் என்பதும் சேர்ந்திருப்பது மற்றொரு காரணம் (2 இராஜா. 20:6). காட்டுவதற்குப் பொக்கிஷம் இருந்தது என்பதே மூன்றாவது காரணம். ஏனெனில் 701இல் எசேக்கியா சனகெரிப்புக்குச் செலுத்திய கப்பம் 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் எனத் திருமறை கூறுகிறது. பொன்னின் அளவில் அசீரியப் பட்டகமும் இதனோடு ஒத்திருக்கிறது. வெள்ளியை மட்டும் 800 தாலந்து என்கிறது. ஆலயத்திலும் அரமனைப் பொக்கிஷத்திலும் இருந்த வெள்ளி முழுவதும் போயிற்று. அதுவும் போதாமல், ஆலயக் கதவுகளிலும் நிலைகளிலும் தானே இழைத்த பொற்றகடுகளை எசேக்கியா தன் கையாலேயே கழற்றிக் கொடுக்கவேண்டியதாயிற்று (2 இராஜா. 18:15, 16). தந்தையாகிய ஆகாஸ் செய்ததையே இறுதியில் மகனும் செய்தான்.

இக்கால வரிசை சரியாயின், தூதுவருக்குக் காட்டிய பொருள் இரண்டு ஆண்டுகளேனும் அவனிடம் நிலைக்கவில்லை. நட்பு நாடி வந்த மெரோதாக்பலாதானோ அதற்குள் தோற்றோடிவிட்டான். நெருக்க நாளில் யூதாவுக்கு அவன் உதவவில்லை.

6. 'என் நாட்களில்' சமாதானம்

ஏசாயா உரைத்த தீர்ப்பு கடுமையானது. முன்னோர் சேர்த்தவை யாவும் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்படும். எசேக்கியாவுக்குப் பிறக்கும் குமாரருள் சிலர் பாபிலோன் அரமனையில் ஊழியராவர். இதைக் கேட்ட அரசன், கர்த்தருடைய வார்த்தை நல்லது என ஏற்றுக்கொண்டு, தன் நாட்களிலாவது சமாதானமும் உண்மையும் இருக்குமே என்று சொன்னான்.

இம்மறுமொழியைத் தாழ்மையான கீழ்ப்படிதல் எனக் கொள்வோர் உண்டு. எசேக்கியா தன் மனமேட்டிமைக்காகத் தன்னைத் தாழ்த்தினான் என்று நாளாகமமும் கூறுவதால் (2 நாளா. 32:26) அக்கருத்தை நாம் முற்றிலும் தள்ளிவிடுவதற்கில்லை. எனினும் ஒன்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். தான் சாவான் என்ற தீர்ப்பைக் கேட்டபோது அவன் அழுதான், மன்றாடினான், தீர்ப்பும் மாறியது. தன் பிள்ளைகள் சிறைப்பட்டுப் போவர் என்ற தீர்ப்பைக் கேட்டபோது கண்ணீர் இல்லை, மன்றாட்டும் இல்லை. முகத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பிக்கொள்ள அன்று அவனுக்குத் தோன்றவில்லை. சோதோமுக்காக ஆபிரகாம் பரிந்து பேசினான். பொற்கன்றுக்குட்டியைச் செய்த மக்களுக்காக மோசே திறப்பிலே நின்றான். தீர்ப்பு மாறக்கூடும் என்பதைத் தன் உடலிலேயே அறிந்திருந்த எசேக்கியா, தன் சந்ததிக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. தேவனுடைய சத்தியத்தைத் தகப்பன் பிள்ளைகளுக்குத் தெரிவிப்பான் என்று பாடியவனே, அப்பிள்ளைகளின் துயரத்தைத் தன் காலத்துக்கு அப்பாற்பட்டதென விட்டுவிட்டான்.

அவனுக்குப்பின் மனாசே அரசனானபோது வயது பன்னிரண்டு (2 இராஜா. 21:1). நூல்களின் கணக்கை அப்படியே கொள்வோமாயின், கூட்டிக் கொடுக்கப்பட்ட பதினைந்து ஆண்டுகளுக்குள்தான் அவன் பிறந்தான். மனாசேயைக் கூட்டாட்சியாளனாகத் தந்தையே அமர்த்தியிருக்கலாம் எனக் கருதுவோர் இக்கணக்கைச் சற்று மாற்றுவர். எவ்வாறாயினும், தந்தை இடித்த மேடைகளை மகன் மீண்டும் கட்டினான். பெரும் சீர்திருத்தம் ஒரு தலைமுறைகூட நிலைக்கவில்லை. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் பொக்கிஷங்களை எடுத்துச் சென்று, அரசன் யோயாக்கீனையும் சிறைப்படுத்தியபோது, தூதுவர் வந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது.

7. நமது வாழ்வுக்கு

எசேக்கியாவிடமிருந்து நாம் கற்கவேண்டியது யாது? துன்பத்தில் எவ்வாறு ஜெபிப்பது என்பதை அவனிடம் கற்பது எளிது. நம் பிரசங்கங்களிலும் அதையே அடிக்கடி எடுத்துரைக்கிறோம். துன்பம் நீங்கியபின் எவ்வாறு வாழ்வது என்பதையோ அவனது தவற்றிலிருந்துதான் கற்கவேண்டியிருக்கிறது.

நம் சபைக் குடும்பங்களில் இது காணக்கூடிய காட்சியே. வீட்டில் ஒருவர் ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் இருக்கும்போது, இரவும் பகலும் ஜெபம் நடைபெறுகிறது. குணமடைந்ததும் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கப்படுகிறது. ஆலயத்தில் நன்றி அறிவிக்கப்படுகிறது. இவை வேண்டியவையே, எசேக்கியாவும் பாடினான். ஆனால் அதற்கடுத்த மாதத்தில் அக்குடும்பத்துக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் ஒன்றோ, வெளிநாட்டு வேலை ஒன்றோ, இலாபமான கூட்டுத் தொழில் ஒன்றோ வாசலில் வந்து நிற்குமாயின், அது தேவசமுகத்தில் விரிக்கப்படுகிறதா? நல்ல காரியந்தானே, இதற்கு ஜெபம் எதற்கு என்று எண்ணும் வேளையே தூதுவர் வரும் வேளை. நம்மை அழுத்துகிறவற்றைத் தேவனிடம் கொண்டுசெல்லும் நாம், நம்மை உயர்த்துகிறவற்றை நாமே தீர்மானித்துவிடுகிறோம். நம்மைப் பாராட்டும் கடிதத்தையும் ஆலயத்திலே விரித்து வைக்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

அருட்பணியில் இருப்போர்க்கு இப்பாடம் இன்னும் நெருக்கமானது. சபைக்கு வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ விருந்தினர் வரும்போது நாம் எவற்றைக் காட்டுகிறோம்? புதுக் கட்டடம், உயர்ந்த கோபுரம், பள்ளியின் மாடி, காணிக்கைக் கணக்கு ஆகியவற்றைக் காட்டுவது எளிது. குடியை விட்டுவிட்ட ஒரு தொழிலாளியின் வீட்டுக்கோ, பகை மறந்து மீண்டும் ஒரே பந்தியில் அமரும் இரு குடும்பங்களிடமோ அவர்களை அழைத்துச் செல்ல நமக்குத் தோன்றுவதில்லை. தேவன் செய்ததைக் கேட்டு வருவோர்க்கு நாம் செய்ததைக் காட்டி அனுப்புகிறோம். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று சபை மூப்பர் பின்னர் கேட்டால், வந்தவர் இன்ன ஊரார் என்ற அளவில் நம் விடையும் நின்றுவிடக்கூடும். எந்த நிபந்தனையோடு உதவி வந்தது, எதற்கு நாம் உடன்பட்டோம் என்பவற்றைச் சபையின்முன் வைப்பதும் தேவனுக்கு முன்பாக உண்மையாய் இருப்பதில் அடங்கும்.

'என் நாட்களில்' என்னும் சொல் ஊழியரைச் சிறப்பாகச் சோதிக்கும் சொல்லாகும். ஓர் இடத்தில் சில ஆண்டுகள் பணியாற்றி மாற்றலாகிச் செல்வது நம்மில் பலரின் முறை. ஆகையால், இருக்கும்வரை சமாதானமாய் இருந்தால் போதும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. சபைச் சொத்தின் பத்திரங்கள் சீராக இல்லை என்று தெரிந்தும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என விடுகிறோம். கல்லறைத் தோட்டத்தைப் பற்றிய வழக்கையோ, சாதிப் பிரிவினையால் புகையும் பூசலையோ கிளறாமல், பிரியாவிடைக் கூட்டத்தோடு விடைபெறுகிறோம். கட்டடத்துக்கு வாங்கிய கடனின் சுமை நமக்குப்பின் வருபவரின் தலையில் விழுகிறது. ஞாயிறு பாடசாலையும் திடப்படுத்தல் வகுப்பும் ஆள்பற்றாக்குறையால் நலிந்தாலும், அதன் விளைவு இருபது ஆண்டுகளுக்குப் பின்னர்தான் தெரியும் என்பதால் நாம் கலங்குவதில்லை. வாதமின்றிக் கழிந்த ஊழியக்காலத்தை நல்ல ஊழியக்காலம் என்று நாமே பாராட்டிக்கொள்கிறோம். ஆனால் அடுத்த தலைமுறைக்காக ஒருமுறையேனும் முகத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பி அழுதோமா என்பதே நம்மிடம் கேட்கப்படும் கேள்வி.

பெற்றோர்க்கும் இது பொருந்தும். பிள்ளைகளுக்கு வீடும் நகையும் படிப்பும் சேர்த்துவைக்க உழைக்கும் நாம், தேவனுடைய சத்தியத்தை நம் வாயாலேயே அவர்களுக்குச் சொல்ல எத்தனை மாலைகளை ஒதுக்குகிறோம்? கூட்டிக் கொடுக்கப்பட்ட ஆண்டுகள் எதற்காக என்று எசேக்கியாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் செய்யாமல் விட்டதே அவன் வரலாற்றின் துயரம்.

8. முடிவுரை

இத்தீர்ப்போடு நம் சிந்தனை நின்றுவிடலாகாது. ஏசாயாவின் நூலில் 39ஆம் அதிகாரத்தை அடுத்து வருவது, சிறைப்பட்ட மக்களுக்கு ஆறுதல் கூறும் 40ஆம் அதிகாரம். எசேக்கியா யாருக்காகப் பரிந்து பேசத் தவறினானோ, அந்தப் பிள்ளைகளுக்காகத் தேவனே பேசத் தொடங்குகிறார். மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றிலும் எசேக்கியாவின் பெயருக்கு இடம் உண்டு. அவன் மகன் மனாசேக்கும், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன சந்ததிக்கும் இடம் உண்டு. அவ்வரிசை கிறிஸ்துவில் நிறைவடைகிறது. பிறக்கவிருப்போருக்காகவும் வேண்டிக்கொள்ளும் பிரதான ஆசாரியர் அவரே. தம் சீடருடைய வார்த்தையால் பின்னர் விசுவாசிக்கப்போகிறவர்களுக்காகவும் அவர் வேண்டிக்கொண்டதை யோவான் 17:20இல் வாசிக்கிறோம்.

எசேக்கியாவின் செயல்களுள் இன்றும் நம் கண்முன் நிற்பது எது என்பதையும் எண்ணிப்பார்ப்போமாக. அவன் தூதுவருக்குக் காட்டிய வெள்ளியும் பொன்னும் நினிவேக்குப் போயின, நினிவேயும் கி.மு. 612இல் அழிந்தது. பகைவரின் கண்ணுக்குத் தெரியாதபடி அவன் மூடிவைத்த நீரோ, பெயரறியாத் தொழிலாளர் குடைந்த பாறையின் வழியே தொடர்ந்து ஓடிற்று. ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், பிறவிக்குருடனாகிய ஒருவன் ஆண்டவரின் சொற்படி சீலோவாம் குளத்துக்குச் சென்று கண்களைக் கழுவிப் பார்வையடைந்தான் (யோவான் 9:7). அக்குளத்துக்குக் கீகோனின் நீரைக் கொண்டுவந்தது அந்தச் சுரங்கமே. தன் நாட்களுக்காக எசேக்கியா கேட்ட சமாதானம் அவன் நாட்களோடு முடிந்துபோயிற்று. தாகமுள்ள நகரத்துக்காக அவன் செய்த பணியைத் தேவன் அவனுக்குப்பின் வந்தோரின் நன்மைக்காகப் பயன்படுத்தினார். நமக்குப்பின் வருவோர் குடிக்கத்தக்க நீரை நாம் எங்கே குடைந்து வைக்கிறோம் என்பதை, ஒவ்வொரு சபையிலும் ஒவ்வொரு இல்லத்திலும் நாம் ஆராய்ந்து பார்ப்பது நலம்.